அம்மா மூன்றாவது மாடிக்குப் போக வேண்டும்

மார்ச் 4, செவ்வாய்

கடைக்குச் சலவைக்கு வந்த ஒரு கோட்டில் காபிக் கறை. மூன்று முறை ஆவி காட்டியும் போகவில்லை. அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது அம்மா கடைக்குள் வந்தாள். தனியாக, பஸ் ஏறி. கைப்பையைக் கவுண்டரில் வைத்தாள். வெளுத்துத் தொங்கவிட்டிருந்த துணிகளை ஒரு நோட்டம் விட்டாள்.

"வயித்துல கட்டியாம். நல்ல கட்டி இல்லையாம்."

ஏதோ ஒரு கடையில் எடைக்கல்லில் குறை கண்டுபிடித்துவிட்டு வந்தவள் மாதிரி சொன்னாள். வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்க்கும் பரிசோதனைக்குக்கூட என்னிடம் சொல்லாமல்தான் போயிருக்கிறாள். ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். "சொன்னா கூட வருவே. வந்து அழுவே. அங்க ஏற்கனவே கூட்டம்" என்றாள்.

அவள் போன பிறகு அழுதேன். அந்தக் கோட்டில்தான். கோட்டுக்காரர் மன்னிக்கட்டும்.

மார்ச் 6, வியாழன்

தம்பி போன் செய்தான். வெளியூரில் இருந்துகொண்டு அவனுக்கு எல்லாம் தெரியும்.

"அக்கா, எழுபத்தெட்டு வயசு. இந்த வயசுல வயித்தைக் கிழிச்சு என்ன ஆகப்போகுது? இருக்கற வரைக்கும் நிம்மதியா இருக்கட்டுமே."

"நீ உன் வேலையைப் பாரு" என்று போனை வைத்துவிட்டேன். பிறகு உட்கார்ந்து யோசித்தேன். அவன் சொன்னதில் என்ன தப்பு? தேடித் தேடிப் பார்த்தேன், ஒன்றும் கிடைக்கவில்லை. அதனால்தான் அவ்வளவு கோபம் வந்தது போலிருக்கிறது.

மார்ச் 10, திங்கள்

ஆபரேஷன் செய்யப்போகும் டாக்டர் ஒரு குட்டையான பெண்மணி. அம்மா அதற்குள் 'பொடி டாக்டர்' என்று பெயர் வைத்துவிட்டாள். இரைப்பையில் முக்கால்வாசியை எடுத்துவிட வேண்டுமாம். மீதியைக் குடலோடு சேர்த்துத் தைப்பார்களாம். அம்மா, ரசீதில் கூட்டல் சரிபார்ப்பவள் மாதிரி, "மீதி கால்வாசி எந்தப் பக்கம்?" என்று கேட்டாள்.

நான் வயதைப் பற்றிக் கேட்டேன். டாக்டர் என்னைப் பார்க்காமல் அம்மாவிடம் திரும்பினார்.

"எத்தனை மாடி ஏறுவீங்கம்மா?"

"என் வீடே மூணாவது மாடி. லிஃப்ட் கிடையாது."

"நடுவுல நிக்காம?"

"ரெண்டாவது மாடியில நிப்பேன். அது மூச்சு வாங்க இல்ல, அங்க ஒருத்தி இருக்கா, அவகிட்ட வம்பு பேச."

டாக்டர் சிரித்துவிட்டார். வெறும் வயதை மட்டும் பார்த்து முடிவு செய்வதில்லை, உடம்பில் எவ்வளவு தெம்பு இருக்கிறது என்றுதான் பார்ப்பேன் என்றார். ஆனால் இன்னொன்றும் சொன்னார். "உள்ள நான் செய்யறது பாதி வேலைதான். மீதி பாதி, அப்புறம் எந்திரிச்சு நடக்கறதுல இருக்கு. அதை நீங்க செய்யணும்." அம்மா தலையை ஆட்டினாள். நானும் ஆட்டினேன்.

மார்ச் 15, சனி

அம்மா வீட்டுக்குப் போனேன். இரண்டே அறை. ஜன்னலை ஒட்டி ஒரு நாற்காலி. அங்கே உட்கார்ந்தால் கீழே காய்கறிக் கடை தெரியும். அம்மா வேலையை விட்டு எத்தனை வருஷம் ஆகிவிட்டது, இன்னும் அந்தக் கடைக்காரன் தராசைத் தொடும்போது ஒரு தடவை மேலே பார்த்துக்கொள்கிறான். எடை அளவுத் துறையில் ஆய்வாளராக இருந்தவள். இந்தப் பக்கத்துக் கடைக்காரர்களுக்கு அவள் பெயர் 'முத்திரை அம்மா'. முத்திரை இல்லாத எடைக்கல்லை அந்தக் காலத்தில் கைப்பையில் போட்டு எடுத்துக்கொண்டே போய்விடுவாளாம்.

அலமாரியைத் துடைத்துக்கொண்டே நிபந்தனை போட்டாள்.

"ஆபரேஷனுக்கு நான் ஒத்துக்கிட்டதே இங்க திரும்பி வர்றதுக்குத்தான். தேறினதும் என் வீட்டுக்கு வந்துடுவேன். உன் வீட்டுல கொண்டு போய்ப் பொம்மையாட்டம் உக்கார வச்சே, அப்புறம் இருக்கு உனக்கு. சரின்னு சொல்லு."

"சரிம்மா."

"என்னைப் பாத்துச் சொல்லு."

பார்த்துச் சொன்னேன்.

மார்ச் 19, புதன்

ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. பக்கத்துப் படுக்கையில் ஒரு பெண், முப்பத்திநாலு வயது. சரக்கு வேன் ஓட்டுகிறாளாம். அவளுக்கும் அதே நோய், அதே ஆபரேஷன், அதே பொடி டாக்டர். இரண்டும் ஒரே நாளில். இந்த வயதில் அவளுக்கு ஏன் வந்ததென்று யாருக்கும் தெரியவில்லை. கணவன் கொண்டுவந்து விட்டுவிட்டு வேலைக்கு ஓடிவிட்டான்.

"அம்மா, யாரு முதல்ல வெளிய வர்றோம்னு பாத்துடலாமா?" என்று அம்மாவிடம் பந்தயம் கட்டினாள்.

"பாத்துடலாம். ஆனா உனக்கு வயசுச் சலுகை கிடையாது" என்றாள் அம்மா.

இருவரும் சிரித்தார்கள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 20, வியாழன்

முடிந்தது. டாக்டர் வெளியே வந்து, "நல்லபடியா எடுத்தாச்சு, ரத்தமும் அதிகம் போகல" என்றார். என் வீட்டுக்காரர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். தம்பிக்குப் போன் செய்து, "பாத்தியா?" என்று மட்டும் கேட்டேன். அவனும் அழுதான்.

மார்ச் 21, வெள்ளி

காலையில் நடக்க வைக்கும் பையன் வந்தான். பிசியோ. சின்ன வயது, வெள்ளைக் காலணி. அம்மா அரைமயக்கத்திலேயே அவனுக்கு 'நடை வாத்தியார்' என்று பெயர் வைத்துவிட்டாள். அதைப் பார்த்து எனக்குத் தெம்பு வந்தது.

அவனும் நர்ஸும் சேர்ந்து அம்மாவை எழுப்பிக் கட்டில் ஓரத்தில் கால் தொங்க உட்கார வைத்தார்கள். மூக்கில் குழாய், வயிற்றில் குழாய், கீழே பை. அம்மாவின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்துவிட்டது. "வலிக்குதுடி" என்றாள்.

நர்ஸிடம் சொல்லவில்லை. என்னிடம் சொன்னாள். அம்மா வலி என்று சொன்னால் அது என்ன வலியாக இருக்கும்?

"போதும், படுக்க வச்சிடுங்க" என்றேன்.

"இன்னைக்கு நாற்காலியில உக்காந்தாத்தான் மேடம் நாளைக்கு நடக்க முடியும்" என்றான் அந்தப் பையன்.

"அவங்களுக்கு எழுபத்தெட்டு வயசுப்பா. உங்க அம்மாவா இருந்தா இப்படிப் போட்டுப் படுத்துவியா?"

அவன் அம்மாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். சரி, நாளைக்குப் பார்க்கலாம் என்று போய்விட்டான். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். முகத்தில் ஒரு நிம்மதி.

பக்கத்துப் படுக்கைப் பெண்ணை எழுப்பி நடக்கவே வைத்துவிட்டான். ஒரு கையில் பை, மறு கையில் சலைன் கம்பி. "அடப் பாவி, பிரேக் பிடிக்கிற இடத்துல வலிக்குதுய்யா" என்று திட்டிக்கொண்டே வாசல் வரை போனாள். பாவம், அவளுக்கு வேண்டாம் என்று சொல்ல ஒரு ஆள் இல்லை.

மார்ச் 22, சனி

இன்றும் அம்மா எழுந்திருக்க மாட்டேன் என்றாள். நானும் வற்புறுத்தவில்லை. வாத்தியார் வந்தான், எட்டிப் பார்த்தான். "பாட்டி தூங்கறாங்களா? சரி" என்று தானாகவே திரும்பிவிட்டான். மூன்று பந்து வைத்த ஒரு பிளாஸ்டிக் கருவி கொடுத்திருக்கிறார்கள். மூச்சை உறிஞ்சி உறிஞ்சிப் பந்தை மேலே ஏற்ற வேண்டும், நுரையீரலுக்காக. ஒரு தடவை உறிஞ்சினாள், இருமல் வந்தது, தையல் வலித்தது. கருவியை மேசைக்குள் வைத்துவிட்டேன்.

முகம் துடைத்துவிட்டேன். உதட்டை ஈரப்படுத்தினேன். கால் அமுக்கினேன். தலைகாணியை நகர்த்தக்கூட அவளை விடவில்லை. ஆயுசு முழுக்க யாரையும் ஒரு வேலை செய்ய விடாதவள். இன்று ஒரு குழந்தை மாதிரி கையைக் கொடுத்துக்கொண்டு கிடந்தாள். நல்ல தூக்கம். எனக்கு மனசு நிறைந்திருந்தது.

மார்ச் 23, ஞாயிறு

காய்ச்சல். மூச்சு இழுக்கிறது. நெஞ்சில் சளி கட்டிக்கொண்டு நிமோனியாவாம். ஐசியுவுக்குக் கொண்டு போய்விட்டார்கள். தள்ளிக்கொண்டு போகும்போது நர்ஸ் இன்னொரு நர்ஸிடம் சொன்னது காதில் விழுந்தது: "எந்திரிக்கவே இல்லையாம், படுத்தே இருந்திருக்காங்க."

நான்தான். நான்தான் படுக்க வைத்தேன். ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டேன்.

மார்ச் 24, திங்கள்

ஆக்சிஜன். பார்க்க விடவில்லை.

மார்ச் 27, வியாழன்

பார்க்க விட்டார்கள். விட்டிருக்க வேண்டாம்.

அம்மா நினைவு தப்பி ஏதேதோ பேசுகிறாள். சலைன் பாட்டிலையே முறைத்துப் பார்க்கிறாள். "இதுல அளவு குறையுது. முத்திரை எங்க? முத்திரை இல்லாம எப்படி விக்கறே?" நர்ஸ் கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறாள். அந்தப் பெண் பொறுமைசாலி. "நாளைக்குப் போட்டு வச்சிடறேன் மேடம்" என்றது. அந்த நேரத்திலும் எனக்கு ஒரு கணம் சிரிப்பு வந்தது.

ஒரு ஸ்பூன் ஜூஸ் கொடுக்கலாம் என்றார்கள். நான் நீட்டினேன். அம்மா என் கையைத் தட்டிவிட்டாள்.

"எனக்கே லஞ்சமா? உன் கடை எங்க இருக்கு? பேரைச் சொல்லு."

"அம்மா, நான்தாம்மா."

"எல்லாரும் இப்படித்தான் சொல்லுவீங்க" என்றாள். கண்ணில் அவ்வளவு வெறுப்பு. தப்புத் தராசு வைத்தவர்களை எல்லாம் இப்படித்தான் பார்த்திருப்பாளோ?

வயதானவர்களுக்குப் பெரிய ஆபரேஷனுக்குப் பிறகு இப்படிக் குழம்புவது உண்டு, பெரும்பாலும் சரியாகிவிடும் என்றார் டாக்டர். பெரும்பாலும் என்றால் என்ன என்று கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை.

மார்ச் 29, சனி

பக்கத்துப் படுக்கைப் பெண் வீட்டுக்குப் போகிறாள். சொந்தக் காலில் நடந்து வந்து ஐசியு வாசலில் என்னைக் கட்டிக்கொண்டாள். "அம்மாகிட்ட சொல்லுங்க, பந்தயத்துல நான் ஏமாத்திட்டேன்னு." அவள் நன்றாக இருக்க வேண்டும். மனசாரச் சொல்கிறேன். ஆனாலும் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றபோது வயிறு எரிந்தது. ஒரு நோயாளியைப் பார்த்துப் பொறாமைப்படுகிற அளவுக்கு வந்துவிட்டேன்.

ஏப்ரல் 3, வியாழன்

"கடையை யார் பாத்துக்கறா?"

அம்மா கேட்டாள்! என்னை அடையாளம் தெரிந்து, என்னைப் பார்த்து. இவர் பார்த்துக்கொள்கிறார் என்றேன். "மாப்பிள்ளையா? அவர் பட்டுப் புடவையைக் கொதிக்க வச்சிடுவாரே" என்றாள். நான் அழுத அழுகையில் நர்ஸ் ஓடி வந்துவிட்டாள்.

நுரையீரல் தெளிந்துவிட்டது. மறுபடி வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். வாத்தியார் வந்து எழுப்பினான். இந்தத் தடவை நான் வாயே திறக்கவில்லை. நானே ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினேன். ஆனால் கால் நிற்கவில்லை. முட்டி மடங்கிப் போகிறது. கெண்டைக்கால் சதை இருந்த இடத்தில் தோல் மட்டும் தொங்குகிறது. அம்மா குனிந்து தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு யாருடைய காலையோ பார்ப்பது போல.

ஏப்ரல் 8, செவ்வாய்

வெட்டி எடுத்ததைச் சோதித்த முடிவு வந்துவிட்டது. நோய் வேறெங்கும் பரவவில்லை. வெட்டிய ஓரங்களில்கூட இல்லை. மருந்து ஏற்ற வேண்டியதில்லை. டாக்டர் முகத்தில் சந்தோஷம்.

நான் அவரைத் தனியாகப் பிடித்தேன். கேட்கத்தானே வேண்டும்? இரண்டு வாரமாக மனசில் கிடக்கிறது.

"அன்னைக்கு நான் தடுக்காம இருந்து, அம்மா நடந்திருந்தா இந்த நிமோனியா வந்திருக்காதா டாக்டர்?"

"வராம இருந்திருக்கலாம். நடந்திருந்தாலும் வந்திருக்கலாம். இதுல நான் உங்களுக்குப் பொய் சொல்ல மாட்டேன். நீங்க சொன்னீங்கன்னு எங்க ஆள் திரும்பிப் போனதும் தப்பு."

"அந்த வேன் ஓட்டற பொண்ணு படுத்திருந்தா?"

"அவளுக்கும் சளி கட்டலாம். ஆனா அவ எந்திரிச்சிடுவா. அவகிட்ட கையிருப்பு ஜாஸ்தி. உங்கம்மாகிட்ட இருந்தது ஒரு ஆபரேஷனுக்குப் போதுமான அளவு. அதுக்கு மேல ஒரு நிமோனியா தாங்கற அளவுக்கு இல்ல. வயசுன்னா அவ்வளவுதான்."

நன்றி சொல்லிவிட்டு வந்தேன். படிக்கட்டில் உட்கார்ந்தேன். இவர் வந்து தேடும்வரை அங்கேயே இருந்தேன்.

ஏப்ரல் 12, சனி

ஆஸ்பத்திரியிலிருந்து விடுவித்தார்கள். என் வீட்டுக்கு. "கொஞ்ச நாளைக்குத்தாம்மா" என்றேன். "தெரியும்" என்றாள். முன் அறையில் கட்டில் போட்டிருக்கிறோம். ஜன்னல் இருக்கிறது, ஆனால் எதிரே சுவர்.

மே 2, வெள்ளி

கொஞ்சம் கொஞ்சமாகப் பத்து வேளை சாப்பிட வேண்டும். இரண்டு வாய்க்கு மேல் போகவில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்வது, மறுபடி எழுவது. இதுதான் பயிற்சி. நான் இப்போது வாத்தியாரைவிடக் கொடுமைக்காரியாகிவிட்டேன். "இன்னொரு தடவை, இன்னொரு தடவை" என்று உயிரை வாங்குகிறேன். இன்று அம்மா முடியவில்லை என்றதும் கத்திவிட்டேன். "அன்னைக்கும் இப்படித்தான் முடியலன்னே, நானும் கேட்டேன், என்ன ஆச்சு பாத்தியா?"

சொன்ன பிறகு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அம்மா மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு சொன்னாள்: "அந்தப் பையனை நீ போகச் சொன்னப்ப எனக்கு எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா? நானும்தான் படுத்தேன். ஒரு தடவையாவது யாராவது என்னைப் படுன்னு சொல்ல மாட்டாங்களான்னு இருந்துச்சு."

அவள் மடியில் தலையை வைத்துக்கொண்டேன். மடியே இல்லை, எலும்புதான். "தலையை எடு, கனமா இருக்கு" என்றாள்.

மே 25, ஞாயிறு

வாக்கரைப் பிடித்து வீட்டுக்குள் நடக்கிறாள். "இன்னைக்கு என் வீட்டுக்குப் போகணும்" என்றாள். காரில் கூட்டிப் போனோம்.

இவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். கைப்பிடிச் சுவரை அவள் பிடித்த பிடியில் நகம் வெளுத்துப் போயிருந்தது. ஒவ்வொரு படிக்கும் நின்றாள். முதல் மாடி வளைவு வரை வந்தாள். அங்கே படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். உதடு நீலமாக இருந்தது. இரண்டாவது மாடிப் பெண்மணி சத்தம் கேட்டு இறங்கி வந்தார். அம்மாவைப் பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். வம்பு பேச ஒன்றுமே இல்லாமல் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இவர் சொன்னார்: "அத்தை, நான் தூக்கிட்டுப் போயிடறேன். ஒரு நிமிஷ வேலை."

"தூக்கிட்டுப் போனா அப்புறம் யாரு மாப்பிள்ளை என்னைக் கீழ இறக்குவா? தினமும் வருவீங்களா?" கோபமில்லாமல்தான் கேட்டாள். கணக்குச் சொல்வது போல. "நீ போய் ஜன்னலைத் திறந்து வச்சிட்டு வாடி. வீடு புழுங்கிக் கிடக்கும்."

நான் மட்டும் மேலே போனேன். ஜன்னலைத் திறந்தேன். திறந்து வைத்துவிட்டு எப்படி வருவது, மழை அடிக்குமே? மறுபடி மூடினேன். இறங்கி வந்து, திறந்து வைத்துவிட்டேன் என்று பொய் சொன்னேன்.

"சரி, வீட்டுக்குப் போலாம்" என்றாள். எந்த வீட்டைச் சொல்கிறாள் என்று எங்கள் இருவருக்கும் புரிந்தது.

ஜூன் 8, ஞாயிறு

தம்பி வந்தான். அம்மா வீட்டைக் காலி செய்தோம். எதை யாருக்குக் கொடுக்கட்டும் என்று போனில் கேட்டதற்கு, "உங்களுக்குத் தோணற மாதிரி செய்யுங்க" என்றாள். முன்பெல்லாம் ஒரு டம்ளரைக்கூட இடம் மாற்றி வைக்க விடமாட்டாளே!

மாலையில் தம்பி மொட்டை மாடியில் நின்றுகொண்டு கேட்டான்: "நான் சொன்னப்பவே விட்டிருக்கலாமோ அக்கா?" குத்திக்காட்டவில்லை. உண்மையாகவே கேட்டான். ஆபரேஷன் இல்லாவிட்டால் இந்நேரம் சோறே இறங்கியிருக்காது, வலியில் துடித்திருப்பாள் என்றேன். அதுவும் உண்மைதான். இரண்டு பேரும் அந்த உண்மையை வைத்துக்கொண்டு நின்றோம்.

ஜூன் 20, வெள்ளி

ஸ்கேன் சுத்தம். பொடி டாக்டர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஜெயிச்சிட்டீங்கம்மா" என்றார். "ஆமாமா" என்றாள் அம்மா, மரியாதைக்கு.

வெளியே வேன் ஓட்டுகிற பெண்ணைப் பார்த்தோம். அவளும் பரிசோதனைக்கு வந்தவள். வண்டி ஓட்ட ஆரம்பித்துவிட்டாளாம். கன்னம் உப்பியிருக்கிறது. அம்மாவைச் சக்கர நாற்காலியில் பார்த்ததும் அவள் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள். அம்மாதான் அவள் கையைத் தட்டிக்கொடுத்து, "நல்லா ஓட்டு. மெதுவா ஓட்டு" என்றாள்.

ஜூலை 1, செவ்வாய்

காலையில் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். செருப்பைக் காணோம், குடையைக் காணோம், இவர் மேல் எரிந்து விழுகிறேன். வழக்கமான ரகளைதான். திரும்பினால் அம்மா வாக்கரைப் பிடித்துக்கொண்டு சமையலறை வாசலில் நிற்கிறாள். ரொம்ப நேரமாக நிற்கிறாள் போலிருக்கிறது. நான் கவனிக்கவில்லை.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. நீ கிளம்பு."

"என்னன்னு சொல்லு."

"ஒரு டீ போட்டுக்கலாமான்னு கேக்க வந்தேன். உனக்குத் தொந்தரவு இல்லன்னா. அடுப்பை நானே துடைச்சு வச்சிடறேன்."

"போட்டுக்கோம்மா" என்றேன். வேறென்ன சொல்ல?

"தேங்க்ஸ்மா" என்றாள்.

அம்மா எனக்கு நன்றி சொல்லி நான் கேட்டதே இல்லை. இனிமேல் தினமும் கேட்பேன் போலிருக்கிறது.